சப்போட்டா மரமும் டிக்கால் நகரமும்

சப்போட்டா பழம் சாப்பிடாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மரத்தின் சொந்த ஊர் எது என்று கேட்டால் பலரும் முழிப்போம். மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ் நாடுகளின் காடுகள்தான் அதன் பிறந்த வீடு. பெயர் கூட அங்கிருந்து வந்ததுதான். நஹுவாட்ல் மொழிச் சொல் ஒன்று ஸ்பானியர் வாயில் 'சப்போத்தே' ஆகி, கடல் கடந்து நம்மூரில் 'சப்போட்டா' ஆகிவிட்டது.

அந்தக் காட்டுக்குள் ஒரு பழைய நகரம் இருக்கிறது. பெயர் டிக்கால். அங்கே கோயில் வாசல்களின் மேல் குறுக்காக வைத்த உத்தரங்கள் பெரும்பாலும் சப்போட்டா மரத்தில் செய்தவை. சுமார் 1300 வருஷ மழைக்கும் கரையானுக்கும் தப்பி, அவற்றில் சில இன்னும் அதே இடத்தில் இருக்கின்றன! பழத்துக்காக மட்டுமே நாம் மதிக்கும் மரம் அவ்வளவு உறுதியானது.

டிக்கால் ஒரு தேசியப் பூங்கா. அதே நேரத்தில் அது ஒரு தொல்லியல் களமும் கூட. விலங்கு பார்க்கப் போகிறவர்கள் கோயிலையும், கோயில் பார்க்கப் போகிறவர்கள் குரங்கையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது தற்செயலா? ஒரு பெரிய நகரம் எப்படிக் காடானது? அந்தக் காடு இன்று யாரால் பிழைத்திருக்கிறது? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கே இருக்கிறது?

மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டின் வடக்கு மாநிலம் பெத்தேன். அங்கே பெத்தேன் இட்சா என்ற ஏரியும், ஏரிக்குள் ஒரு தீவும், தீவில் ஃப்ளோரஸ் என்ற சின்ன ஊரும் இருக்கின்றன. பயணிகள் பெரும்பாலும் இங்கே தங்கி, சுமார் 65 கிலோமீட்டர் சாலை வழியாக டிக்காலுக்குப் போகிறார்கள்.

பூங்காவின் பரப்பு 576 சதுர கிலோமீட்டர். 1955-இல் தேசியப் பூங்கா ஆனது. 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பொதுவாக யுனெஸ்கோ ஒரு இடத்தை 'பண்பாடு' அல்லது 'இயற்கை' என்று ஏதாவது ஒரு பட்டியலில் சேர்க்கும். டிக்காலை இரண்டுக்குமே சேர்த்தது.

உள்ளே நுழைந்தால்...

விடியற்காலையில் காட்டுக்குள் போகிறவர்களை முதலில் வரவேற்பது ஒரு உறுமல். ஏதோ ஜாகுவார்தான் வந்துவிட்டது என்று முதல் முறை கேட்பவர்கள் நடுங்கிப்போவார்கள். உண்மையில் அது ஹௌலர் என்ற குரங்கு. நம்மூர் மந்தி அளவுதான் இருக்கும், ஆனால் தொண்டையில் உள்ள ஒரு பெரிய எலும்புக் கூடு சத்தத்தைப் பல மடங்கு பெருக்கிக் கொடுக்கும். சில கிலோமீட்டர் தூரத்துக்குக் கேட்கும். 'இது எங்கள் இடம், நீங்கள் அந்தப் பக்கமே இருங்கள்' என்று பக்கத்துக் கூட்டத்துக்குச் சொல்லும் அறிவிப்பு அது. சண்டை போட்டு ரத்தம் சிந்துவதை விட, கத்தியே தீர்த்துக்கொள்வது எவ்வளவோ மேல் இல்லையா?

ஸ்பைடர் குரங்குகள் வாலையே ஐந்தாவது கையாக வைத்துத் தொங்கும். கோவாட்டி என்ற பிராணி, ரக்கூனின் உறவு, வாலைக் கொடிக்கம்பம் மாதிரி தூக்கிக்கொண்டு கூட்டமாகத் திரியும். மயில் மாதிரி மினுமினுக்கும் ஒரு காட்டு வான்கோழி புல்வெளியில் மேயும். இந்த வகை வான்கோழி யுகட்டான் தீபகற்பப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஓரோபென்டோலா என்ற பறவை நம் தூக்கணாங்குருவி போலவே தொங்கும் கூடு கட்டும், அளவில் மட்டும் பல மடங்கு பெரியது. வாழைப்பழம் அளவு அலகு வைத்த டூக்கான், இலையை நறுக்கித் தலைக்கு மேல் குடை போலத் தூக்கிப்போகும் எறும்பு வரிசை... சொல்லிக்கொண்டே போகலாம். 300-க்கு மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே உண்டு. ஜாகுவார், பூமா, ஓசிலாட், மார்கே, ஜாகுவாருண்டி என்று ஐந்து வகைப் பூனைக் குடும்பத்து விலங்குகளும் உண்டு. ஆனால் ஜாகுவாரைப் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும். கால் தடம் பார்த்தாலே பெரிய விஷயம்.

வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சைபா மரம் நிற்கும். குவாத்தமாலாவின் தேசிய மரம் அது. மாயா மக்கள் இதைப் பூமியையும் வானத்தையும் பாதாளத்தையும் இணைக்கும் மரமாக நினைத்தார்கள். நமக்கும் அது அந்நியம் இல்லை. தலையணைக்குப் பஞ்சு தரும் நம்ம இலவ மரத்தின் இனம்தான்.

இப்படிப் பார்த்துக்கொண்டே நடந்தால், திடீரென்று மரங்கள் விலகி ஒரு பெரிய முற்றம். எதிரும் புதிருமாக இரண்டு கோயில்கள். முதல் கோயிலின் உயரம் 47 மீட்டர். கொஞ்சம் தள்ளி நிற்கும் நான்காவது கோயில் சுமார் 65 மீட்டர், இருபது மாடிக் கட்டடம் மாதிரி. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் பச்சைக் கடல், நடுவே தலை நீட்டும் மற்ற கோயில்களின் முகடுகள். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் புரட்சிப் படையின் ரகசியத் தளமாக வருவது இந்தக் காட்சிதான்.

ஆறு இல்லாத ஊர்

நம் ஊர்களில் பெரிய நகரம் என்றால் பக்கத்தில் ஆறு இருக்கும். மதுரைக்கு வைகை, தஞ்சைக்குக் காவிரி. டிக்காலுக்கு ஆறும் கிடையாது, ஏரியும் கிடையாது. கீழே சுண்ணாம்புப் பாறை என்பதால் மழைத்தண்ணீர் நிற்காமல் உள்ளே போய்விடும். வருஷத்தில் நாலைந்து மாதம் மழையே இருக்காது. இங்கே எப்படிப் பல பத்தாயிரம் பேர் வாழ்ந்தார்கள்?

முற்றங்களையும் கோயில் மேடைகளையும் சுண்ணாம்புக் காரை பூசி, லேசான சரிவோடு கட்டினார்கள். அதில் விழும் மழை வழிந்தோடிக் குளங்களில் சேரும். அதாவது நகரத்தின் தரை முழுவதுமே ஒரு மழைநீர் சேகரிப்புத் தொட்டி! 2012-இல் வெளியான ஒரு ஆய்வு, அரண்மனைக் குளத்தின் அணை சுமார் 80 மீட்டர் நீளமும் 10 மீட்டர் உயரமும் கொண்டது என்று சொன்னது. 2020-இல் இன்னொரு ஆய்வு அதைவிட ஆச்சரியமான ஒன்றைச் சொன்னது. ஒரு குளத்தில் படிகக் குருணையும் ஜியோலைட் என்ற கனிமமும் கிடைத்தன. இது அந்த இடத்துக் கல் இல்லை. தண்ணீரை வடிகட்டவே வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் முடிவு. இன்றைக்கும் தண்ணீர் சுத்திகரிப்பில் ஜியோலைட்டைப் பயன்படுத்துகிறோம்.

'டிக்கால்' என்ற பெயருக்கே 'நீர்நிலை இருக்கும் இடம்' என்று பொருள் இருக்கலாம் என்கிறார்கள். அது பின்னாளில் வந்த பெயர். நகரம் வாழ்ந்த காலத்தில் அதன் பெயர் முத்துல்.

ராஜாக்கள் கதை, சுருக்கமாக

மாயா மக்கள் நம் நடுகல் மாதிரி உயரமான கற்களை நிறுத்தி, அதில் ராஜாவின் உருவத்தையும் தேதியையும் செதுக்கினார்கள். டிக்காலில் கிடைத்த கற்களில் மிகப் பழைய தேதி கி.பி. 292. அந்த எழுத்தைப் படிக்கும் வித்தை 1950-களுக்குப் பிறகுதான் கைவந்தது. அதற்கு முன், மாயாக்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்த பூசாரிகள் என்று நினைத்திருந்தார்கள். கற்களைப் படித்தால் முழுக்கப் போர்!

கி.பி. 378 ஜனவரி 16-ஆம் தேதி சியாஜ் காக் என்ற தளபதி மேற்கிலிருந்து டிக்காலுக்கு வந்தார். அதே நாளில் டிக்கால் ராஜா இறந்துபோனார். மறு வருஷம் புது ராஜா பட்டத்துக்கு வந்தார். என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். வந்தவர்களுக்குப் பின்னால் இருந்தது சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி மெக்சிகோவில் இருந்த தியோத்திவாகான் நகரம். அந்த நகரத்துப் பாணியில் கட்டிய ஒரு பெரிய கட்டடத் தொகுதி டிக்காலில் இருப்பதாக 2021-இல் அறிவித்தார்கள்.

பிறகு கி.பி. 562-இல் டிக்கால் ஒரு பெரிய தோல்வியைச் சந்தித்தது. எதிரி அணியின் தலைமை காலக்முல் என்ற நகரம். அடுத்த சுமார் 130 வருஷத்துக்கு டிக்காலில் தேதி போட்ட கல் ஒன்று கூட இல்லை. தோற்றவர்களுக்குக் கல்வெட்டு எழுத மனசு வருமா?

682-இல் பட்டத்துக்கு வந்த ஹசாவ் சான் காவீல் இந்த அவமானத்தைத் தீர்த்தார். 695-இல் காலக்முல்லைத் தோற்கடித்தார். முதல் கோயில் அவர் சமாதிதான். அகழ்ந்தபோது உள்ளே ஜேடு நகைகளோடு செதுக்கிய எலும்புகளும் கிடைத்தன. ஒரு எலும்பில் ஒரு படகுக் காட்சி. நடுவே சோளக் கடவுள், முன்னும் பின்னும் துடுப்பு போடும் தெய்வங்கள், கூடவே ஒரு உடும்பு, ஒரு ஸ்பைடர் குரங்கு, ஒரு கிளி. மேலே மரத்தில் நாம் பார்த்த அதே குரங்கு, கீழே சமாதிக்குள் ராஜாவோடு மறு உலகத்துக்குப் படகில் போகிறது!

உத்தரம் சொல்லும் சாட்சி

இப்போது சப்போட்டாவுக்குத் திரும்புவோம்.

டிக்காலின் பெரிய கோயில்கள், அரண்மனைகளின் உத்தரங்களை டேவிட் லென்ட்ஸ் என்ற தாவரவியல் ஆய்வாளரும் அவர் கூட்டாளியும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்து 2009-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எந்த மரம், எவ்வளவு பெரியது, எந்த வருஷத்துக் கட்டடம் என்று வரிசைப்படுத்தினார்கள்.

கி.பி. 741 வாக்கில் கட்டிய நான்காவது கோயில் வரைக்கும் பெரிய, நேரான சப்போட்டா உத்தரங்கள். அவ்வளவு பெரிய மரம் வளர நூற்றாண்டுகள் ஆகும். நகரத்தைச் சுற்றி வயலுக்காகக் காட்டை அழித்த பிறகும், ஏதோ சில சோலைகளை வெட்டாமல் காத்து வைத்திருக்க வேண்டும் என்கிறார் லென்ட்ஸ். நம்மூர் கோயில் காடு மாதிரி. அதன் பிறகு திடீரென்று மரம் மாறுகிறது. சதுப்பில் வளரும், கோணல்மாணலான, செதுக்கவே சிரமமான வேறு ஒரு மரத்துக்குப் போகிறார்கள். கி.பி. 810 வாக்கில் மறுபடி சப்போட்டா வருகிறது, ஆனால் இந்த முறை சின்னச் சின்னக் கட்டைகள்.

ராஜாவின் கோயிலுக்கே நல்ல மரம் கிடைக்கவில்லை என்றால், சாதாரண ஜனங்களின் அடுப்புக்கு என்ன கிடைத்திருக்கும்? வெற்றி பெற்ற ராஜாவும் அவர் மகனும் வானத்தைத் தொடும் கோயில் கட்டிய அந்தப் பொற்காலத்தில்தான், காத்து வைத்திருந்த கடைசிப் பெருமரங்கள் விழுந்திருக்கின்றன. எந்தக் கல்லிலும் இதை எழுதி வைக்கவில்லை. மரம்தான் சொன்னது.

நகரம் காலியானது

டிக்காலின் கடைசித் தேதிக் கல் கி.பி. 869. அதன் பிறகு சில தலைமுறைகளில் ஊர் காலி. ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட முடியாது. யுகட்டானில் ஒரு ஏரியின் அடி மண்ணை ஆராய்ந்தவர்கள், கி.பி. 800 முதல் 1000 வரை கடும் வறட்சிகள் இருந்ததாக 1995-இல் காட்டினார்கள். மழையை மட்டும் நம்பிய ஊருக்கு அது எப்படிப்பட்ட அடி! கூடவே ஓயாத போர்கள்.

2020-இல் இன்னொரு செய்தி. அரண்மனைக்கும் கோயிலுக்கும் அருகிலிருந்த குளங்களின் வண்டலில் பாதரசமும், நச்சுப் பாசியின் தடயமும் இருந்தன. பாதரசம் எங்கிருந்து வந்தது? கட்டடங்களுக்கும் சமாதிகளுக்கும் பூசிய சிவப்புச் சாயத்திலிருந்து. மழை அதைக் கழுவிக் குளத்தில் சேர்த்திருக்கிறது. தள்ளியிருந்த குளங்களில் இந்த நஞ்சு இல்லை. அரண்மனைக்குப் பக்கத்துத் தண்ணீர்தான் அதிகம் கெட்டிருந்தது. வறட்சிக் காலத்தில் ராஜாவால் நல்ல தண்ணீர் கூடக் கொடுக்க முடியவில்லை என்றால், ஜனங்கள் எதற்காக அவரை நம்பி அங்கே இருக்க வேண்டும்?

ஊர் காலியானதே தவிர மக்கள் அழிந்துவிடவில்லை. 'மாயாக்கள் மர்மமாக மறைந்தார்கள்' என்று தொலைக்காட்சிகள் சொல்வது தப்பு. நான் முதலில் சொன்ன ஃப்ளோரஸ் தீவில் ஒரு மாயா அரசு 1697 வரை ஸ்பானியருக்கு அடங்காமல் இருந்தது. 2018 கணக்கெடுப்பின்படி குவாத்தமாலா மக்களில் 40 சதவீதத்துக்கு மேல் மாயாக்கள். அவர்கள் இன்றும் தங்கள் மொழிகளைப் பேசுகிறார்கள். (பெயர் ஒற்றுமையை வைத்து நம் புராணத்து மயனையும் இவர்களையும் முடிச்சுப் போட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அடுத்தவர் கட்டியதை நம் கணக்கில் எழுதிக்கொண்டுதான் நாம் பெருமைப்பட வேண்டுமா?)

சூயிங்கம் காட்டிய வழி

மனிதர் விலகியதும் காடு திரும்பியது. வயல்களில் மரம் முளைத்தது, கோயில்கள் மேடுகளாயின. இன்று டிக்காலில் பார்க்கும் காடு ஆதிகாலத்துக் கன்னிக் காடு இல்லை. சுமார் ஆயிரம் வருஷ வயதுள்ள, ஒரு நகரத்தின் மேல் வளர்ந்த காடு.

1848-இல் பெத்தேன் அதிகாரி மொதெஸ்தோ மெந்தெஸும் உள்ளூர்க்காரர் அம்புரோசியோ துட்டும் டிக்காலுக்குச் சென்று முதல் அரசுப் பதிவைச் செய்தார்கள். 1877-இல் பெர்னூலி என்ற சுவிஸ் மருத்துவர் வந்தார். விளைவு? நான்காவது கோயிலின் அழகான சிற்ப உத்தரங்கள் கழற்றப்பட்டு சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தன. இன்றும் பாசெல் நகர அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. நம் சிலைகளின் கதை ஞாபகம் வருகிறதா?

அதன் பிறகு காட்டுக்குள் ஆட்களைக் கொண்டுவந்ததும் சப்போட்டாதான். அந்த மரத்தைக் கீறினால் வடியும் பாலைக் காய்ச்சினால் 'சிக்லே' என்ற பிசின் கிடைக்கும். ஒரு காலத்தில் சூயிங்கம் இதில்தான் செய்தார்கள். 'சிக்லெட்' என்ற பெயரே அதிலிருந்து வந்தது. பால் எடுக்கக் காட்டில் அலைந்த தொழிலாளிகளுக்கு ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும். சில்வானஸ் மோர்லி என்ற ஆய்வாளர், எழுத்துள்ள கல்லைப் பற்றித் தகவல் தருபவர்களுக்கு வெகுமதி என்றே அறிவித்தார். புத்தகங்களில் பேர் ஆய்வாளருக்கு, வழி காட்டியது பால் எடுப்பவர்.

1956 முதல் 1970 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பெரிய அளவில் அகழாய்வு செய்தது. நகரத்தின் நடுப்பகுதி 16 சதுர கிலோமீட்டரில் மட்டும் சுமார் 3000 கட்டடங்களை வரைபடத்தில் குறித்தார்கள். 2016-இல் விமானத்திலிருந்து லேசர் கதிர்களை அனுப்பி, வடக்கு குவாத்தமாலாவில் 2100 சதுர கிலோமீட்டருக்கு மேல் அளந்தார்கள். கணினியில் மரங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் 60,000-க்கும் அதிகமான கட்டடங்கள்! ஆளே இல்லாத காடு என்று நினைத்த இடம் முழுக்க வீடு, வயல், சாலை, கோட்டை.

இன்று யார் காப்பது?

டிக்காலைச் சுற்றி 1990-இல் மாயா உயிர்க்கோளக் காப்பகம் அமைத்தார்கள். சுமார் 21,000 சதுர கிலோமீட்டர். அதில் சில பகுதிகள் மனிதர் வாழவே கூடாத தேசியப் பூங்காக்கள். சில பகுதிகளை 1994-லிருந்து அங்குள்ள கிராம மக்களுக்கே 25 வருஷ ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். அளவாக மரம் வெட்டலாம், சிக்லே எடுக்கலாம், அலங்காரத்துக்கு விற்கும் ஷாத்தே இலை பறிக்கலாம். ஆனால் காடு காடாகவே இருக்க வேண்டும். டிக்காலுக்கு வடக்கே இருக்கும் உவாஷாக்துன் கிராமம் அப்படிப்பட்டது. பழைய சிக்லே தொழிலாளிகள் உருவாக்கிய ஊர் அது.

என்ன ஆனது? கதவைப் பூட்டி வைத்த பூங்காக்களில் ஒன்றான மேற்குப் பக்கத்து லகுனா தெல் திக்ரேயில் மாட்டுப் பண்ணைக்காரர்களும் காட்டுத்தீயும் சேர்ந்து பெரும் பகுதியை அழித்துவிட்டார்கள். கிராம மக்கள் கையில் இருந்த காடுகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. தீ வைத்தால் முதலில் போவது தங்கள் பிழைப்பு என்பதால் அவர்களே ரோந்து போகிறார்கள், தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள்.

டிக்கால் பிழைத்திருப்பதற்குக் காரணம் வேறு. கோயில்களைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறது, காவல் இருக்கிறது. ஒரு காலத்தில் காடு நகரத்தை மூடிக் காப்பாற்றியது. இப்போது நகரம் காட்டைக் காப்பாற்றுகிறது. ஆனால் எல்லாக் காட்டுக்குள்ளும் 47 மீட்டர் கோயில் இருக்காதே? அங்கெல்லாம் காட்டை நம்பி வாழும் மனிதர்கள்தான் காவல்.

நம் நாட்டிலும் புலிகள் காப்பகம் என்றதும் முதலில் எழும் பேச்சு, உள்ளே இருக்கும் பழங்குடி மக்களை வெளியேற்றுவது பற்றித்தான். மனிதர் இருந்தால் காடு அழியும் என்பது ஒரு வாதம். டிக்காலின் உத்தரங்கள் அதற்குச் சாட்சி சொல்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மரங்களைக் கேட்டது அரண்மனை. அதே மரத்தை வெட்டாமல் கீறிப் பால் எடுத்துப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் காட்டைத் தீயிலிருந்து காக்கிறார்கள். 'மனிதர்' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த மனிதர், எதற்காக என்று கேட்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த முறை சப்போட்டா சாப்பிடும்போது, விதையைத் துப்புவதற்கு முன் டிக்காலைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த விதையை எங்காவது புதைத்தும் வையுங்கள்!